பலகைக்கு அடியில் இருக்கும் பழமை

அக்கா மகன் தாராபுரத்திலிருந்து தொலைபேசியில் அழைத்தான். பொள்ளாச்சியில் ஒருவர் தன் கிட்டாரை விற்கிறாராம். வெளிநாட்டில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது, 50 மட்டுமே செய்யப்பட்ட வகை, 1930களின் வடிவமைப்பை ஒட்டிச் செய்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டு, "வாங்கலாமா மாமா?" என்று கேட்டான். அவன் வாசிக்கத் தொடங்கி எட்டு மாதம்தான் ஆகிறது.

அவனுக்கு அன்று சொன்னதையும், இருவருமாகப் பொள்ளாச்சி போய்ப் பார்த்ததையும் வைத்து இதை எழுதுகிறேன். அவன் அடுக்கியவை மூன்று தனித்தனிச் செய்திகள். ஏற்கெனவே ஒருவர் வாசித்த கிட்டார் என்பது ஒன்று. குறைந்த எண்ணிக்கையில் செய்தது என்பது இன்னொன்று. பழைய வடிவில் செய்தது என்பது மூன்றாவது. விற்பனை அறிவிப்பில் மூன்றும் குழைந்து ஒரே பெருமையாகத்தான் வரும். வாங்குகிறவர் அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒலியைத் தீர்மானிப்பது கடைசியாகச் சொன்னதுதான். அதுவும் வெளியே தெரியாத ஓர் இடத்தில் இருக்கிறது.

கிட்டார் எப்படிப் பேசுகிறது என்பதிலிருந்து தொடங்குகிறேன். கம்பி மட்டும் தனியாக அதிர்ந்தால் அடுத்த அறைக்குக்கூடக் கேட்காது. கம்பியின் நடுக்கம் சேடில் என்ற சிறிய எலும்புத் துண்டின் வழியாக, பலகை மேல் ஒட்டிய பிரிட்ஜ் என்ற மரத் துண்டில் இறங்கி, மேற்பலகையைக் குலுக்குகிறது. பலகையோடு சேர்ந்து பெட்டிக்குள் இருக்கும் காற்றும் அசைகிறது. நம் காதுக்கு வருவது அந்த அசைவு. மேற்பலகை பெரும்பாலும் ஸ்ப்ரூஸ் என்ற குளிர்நாட்டு ஊசியிலை மரத்தில் அறுத்தது. தடிமன் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். ஆறு எஃகுக் கம்பிகளையும் சுருதிக்கு முறுக்கினால் அவை சேர்ந்து இழுக்கும் விசை 70 கிலோவைத் தாண்டும். வளர்ந்த ஓர் ஆள் அந்த மெல்லிய பலகையைப் பிடித்து இரவும் பகலும் தொங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

பலகையைக் கனமாக வைத்தால் இழுவையைத் தாங்கும், ஆனால் ஊமையாகிவிடும். மெல்லிதாக இழைத்தால் பாடும், ஆனால் நாளடைவில் வயிறு தள்ளிக்கொள்ளும். இதற்கு விடையாகத்தான் பலகையின் உட்புறத்தில் மெல்லிய மரச் சட்டங்களை ஒட்டுகிறார்கள். பிரேசிங் என்று அதற்குப் பெயர். நம் ஊர் ஓட்டு வீட்டில் படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் விட்டமும் கைமரமும் தெரியுமே, அதுபோல. ஓடு எவ்வளவு அழகாக இருந்தாலும் வீட்டைத் தாங்குவது அவைதான். கிட்டாரில் அவை தாங்குவதோடு நிற்காமல், எந்த இடம் எவ்வளவு அசையலாம் என்பதையும் முடிவு செய்கின்றன.

அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1833இல் நியூயார்க்கில் தொடங்கி, சில ஆண்டுகளிலேயே பென்சில்வேனியாவின் நாசரேத்துக்கு இடம் மாறியது. 1840களில் அங்கே பெருக்கல் குறி வடிவில் சட்டங்களை ஒட்டும் முறை உருவாகியது. அன்றைக்கு அது நரம்புத் தந்திக்கான ஏற்பாடு. 1920களில் எஃகுக் கம்பி பரவியபோது அதே முறை கூடுதல் இழுவையையும் தாங்கியது. இன்றைக்கு உலகின் பெரும்பாலான எஃகுக் கம்பிக் கிட்டார்களின் வயிற்றுக்குள் அந்தப் பெருக்கல் குறி இருக்கிறது.

கிட்டார் ரசிகர்கள் 1930களைப் பொற்காலம் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1929இல், அட்லாண்டாவைச் சேர்ந்த பெர்ரி பெக்டல் என்ற, பாஞ்சோ எனும் தந்தி வாத்தியம் வாசிக்கும் கலைஞர் கேட்டுக்கொண்டதற்காக மார்ட்டின் ஒரு கிட்டாரின் கழுத்தை நீட்டியது. கழுத்தின் குறுக்கே பதித்த ஃப்ரெட் என்ற உலோகத் தடுப்புகளைக் கட்டை என்போம். அதுவரை கழுத்து உடலோடு சேரும் இடம் 12ஆவது கட்டையாக இருந்தது, அதில் 14ஆனது. மேலே ஏறி வாசிக்க வசதி வந்தது. இதுதான் ஓ.எம். வகை. 1906இல் கடலில் இறங்கிய பிரிட்டிஷ் போர்க்கப்பலின் பெயரைத் தாங்கிய டிரெட்நாட் என்ற பெரிய உடல், 1916இலேயே வேறொரு இசைக் கடைக்காகச் செய்யப்பட்டு, 1931இல் மார்ட்டினின் சொந்தப் பெயரில் வந்தது. 1934இல் அதற்கும் 14 கட்டை. இன்று கடைக்குப் போய் கிட்டார் என்று கேட்டால் கையில் கொடுப்பது பெரும்பாலும் இந்த டிரெட்நாட்டின் பேரப்பிள்ளையைத்தான். அதே பத்தாண்டில் கிப்சன் நிறுவனமும் அமெரிக்காவின் கலமசூ நகரிலிருந்து தன் சிறிய எல்-00 வகையைச் செய்துகொண்டிருந்தது. உலர்ந்த, சட்டென்று பேசி அடங்குகிற குரல் அதற்கு.

உள்ளே நடந்ததுதான் இன்னும் முக்கியம். அந்தக் காலக் கிட்டார்களில் சட்டங்களின் நடுப்பகுதியைச் சிறு உளியால் குழிவாகச் செதுக்கி எடை குறைத்தார்கள். பக்கவாட்டில் பார்த்தால் இரண்டு மேடும் நடுவில் ஒரு பள்ளமுமாக இருக்கும். டிரெட்நாட்டில் பெருக்கல் குறியின் மையம் ஒலித்துளைக்கு ஏறத்தாழ ஓர் அங்குலத்தில் இருந்தது. அதனால் பிரிட்ஜைச் சுற்றியுள்ள பலகை தாராளமாக அசைந்தது. பிறகு வாசிப்பவர்கள் தடித்த கம்பிகளை மாட்டத் தொடங்கினார்கள், பலகைகள் வளைந்து பழுதுக்குத் திரும்பி வந்தன. 1930களின் கடைசியில் மையத்தைப் பின்னுக்குத் தள்ளினார்கள். 1944இன் இறுதியில் செதுக்குவதையே நிறுத்தினார்கள். கிட்டார் உறுதியானது, குரல் சற்று மூடிக்கொண்டது. இதை நிறுவனத்தின் பிழையென்று நான் சொல்லமாட்டேன். தாங்கள் விற்ற பொருள் உடைந்து வரும்போது எந்தத் தச்சரும் அதைத்தான் செய்வார்.

ஆனால் வாசிப்பவர்களின் காது பழைய குரலை மறக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கிட்டார்களைத் தேடித் தேடி வாங்கினார்கள், விலை ஏறியது. 1976இல் மார்ட்டின் எச்.டி.-28 என்ற வகையில் செதுக்கிய சட்டங்களைத் திரும்பக் கொண்டுவந்தது. மீன்முள்போல் ஓரத்தில் ஓடும் பழைய அலங்காரப் பட்டியும் கூடவே திரும்பியது. பழைய வடிவில் புதுக் கிட்டார் என்ற எண்ணம் அதன் பிறகு வேர்விட்டு, இன்று பெரிய நிறுவனங்களும் டெக்ஸாஸின் காலிங்ஸ் போன்ற சிறிய பட்டறைகளும் அந்த வழியில் செய்கின்றன.

ஆக, பழைய வடிவம் என்று ஒருவர் சொன்னால் அது உள்ளே வரை போகிறதா என்று கேட்க வேண்டும். மஞ்சளேறிய மெருகும் பழைய எழுத்தில் பெயரும் ஒட்டிவிட்டால் தோற்றம் 1930 ஆகிவிடும். சட்டங்கள் செதுக்கப்பட்டவையா, மையம் எங்கே இருக்கிறது, மூட்டுகளை விலங்குத் தோலிலிருந்து எடுக்கும் வச்சிரம் என்ற பசையால் ஒட்டினார்களா, இவைதான் கேள்விகள். நம் பக்கத்துப் பழைய தச்சர்கள் அடுப்பில் காய்ச்சி ஒட்டிய அதே வச்சிரம்தான் போருக்கு முந்தைய கிட்டார்களிலும் இருந்தது. காய்ந்தால் கண்ணாடிபோல் இறுகும், அதிர்வைத் தின்னாது என்பது அதை விரும்புகிறவர்களின் வாதம். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, வெந்நீரும் சூடும் கொடுத்தால் அது மறுபடி இளகும், பழுது பார்க்கலாம் என்பது.

சில நிறுவனங்கள் இன்னொரு வழியும் செய்கின்றன. மேற்பலகையை உயிர்வளி குறைந்த அடுப்பில் அதிகச் சூட்டில் வாட்டி எடுக்கிறார்கள். மரத்துக்குள் பல பத்தாண்டுகளில் மெல்ல நடக்கும் மாற்றத்தில் ஒரு பகுதி சில மணி நேரத்தில் நடந்துவிடுகிறது. பலகை பழுப்பேறி, இலேசாகி, ஈரத்துக்கு அவ்வளவாக உப்பாமல் நிற்கிறது. கொஞ்சம் நொறுங்கும் தன்மையும் கூடவே வரும் என்பதால் கீழே போடக்கூடாது.

குறைந்த எண்ணிக்கை என்பதை நெகமம் சேலையை வைத்துச் சொன்னேன். ஒரு நெசவாளர் தன் பாட்டி காலத்துக் கட்டத்தையும் கரையையும் நினைவிலிருந்து எடுத்து, அதற்கென்று பாவு ஓட்டி, பன்னிரண்டு சேலை மட்டும் நெய்கிறார் என்று வையுங்கள். பாவு தீர்ந்தால் அந்த வரிசை முடிந்தது. கிட்டாரிலும் ஒரு குறிப்பிட்ட மரத்தின் இருப்பு, ஓர் ஆண்டு நிறைவு, ஒரு கடைக்காரரின் தனிக் கோரிக்கை ஆகியவற்றுக்காக 25, 50, 100 என்று செய்து நிறுத்துகிறார்கள். உள்ளே ஒட்டிய சீட்டில் எத்தனையில் எத்தனையாவது என்று இருக்கும். ஆனால் பன்னிரண்டு சேலையும் அகலம் குறைவாக நெய்யப்பட்டிருந்தால், பன்னிரண்டுதான் என்பதற்காக அவற்றை யார் உடுத்துவது? எண்ணிக்கை குறைவு என்பது விலையைப் பற்றிய செய்தி. எதில் குறைத்தார்கள் என்று கேளுங்கள். சட்டமும் மரமும் கழுத்தின் வடிவமும் தனியாகச் செய்யப்பட்டவை என்றால் அதற்குப் பொருள் உண்டு. நிறமும் சிப்பிப் பதிப்பும் மட்டும் என்றால் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் முடிவு.

மரத்தைப் பற்றி நம்மவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. பழைய உயர்வகைக் கிட்டார்களின் முதுகும் பக்கமும் பிரேசில் நாட்டு ரோஸ்வுட்டில் செய்தவை. அந்த நாடு கட்டைகளாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்ததும், 1969இல் மார்ட்டின் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. இந்திய ரோஸ்வுட் என்று அவர்கள் சொல்வது நம்முடைய ஈட்டி. தோதகத்தி என்றும் சொல்வோம். நீலகிரியிலும் ஆனைமலையிலும் வளர்கிற அதே மரம். நம் பழைய வீடுகளில் ஈட்டிக் கட்டிலும் ஊஞ்சல் பலகையும் இருந்தால் விரல் மடக்கித் தட்டிப் பாருங்கள், அடங்காமல் ஒரு நாதம் வரும். தமிழ்நாட்டில் ஈட்டி மரங்களைக் காப்பதற்கென்றே 1994இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. பிரேசில் மரம் 1992 முதல் சைட்டிஸ் என்ற பன்னாட்டு உடன்படிக்கையின் மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அந்த மரத்தில் செய்த கிட்டாரை உரிய ஆவணமில்லாமல் நாடு விட்டு நாடு கொண்டுபோகக் கூடாது. எனவே விற்பவர் பிரேசில் மரம் என்றால் பெருமைப்படுவதற்கு முன் காகிதம் கேளுங்கள். ஈட்டிக்கும் 2017இல் கட்டுப்பாடு வந்தது, செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளித்தார்கள்.

பொள்ளாச்சிக் கிட்டார் ஈட்டியில் செய்தது. உடுமலையைத் தாண்டிப் போகும்போது தெற்கே ஆனைமலை தெரிந்தது. அந்தத் தொடரில் வளரும் ஒரு மரத்தின் பலகை கடல் கடந்து போய்க் கிட்டாராகி, மறுபடி அதன் அடிவாரத்துக்கே வந்திருக்கலாம் என்ற எண்ணம் எனக்கு வழியெல்லாம் இருந்தது.

ஒருவர் ஏற்கெனவே வாசித்த கிட்டாரை வாங்குவதில் எனக்குத் தயக்கம் இல்லை. விலை இறங்கியிருக்கும். வாசிக்க வாசிக்கப் பலகை இளகிக் குரல் திறக்கும் என்று பெரும்பாலான கலைஞர்கள் சொல்கிறார்கள், என் காதும் அதை ஒப்புக்கொள்கிறது. எல்லாவற்றையும்விட, இழுவையில் வளைய வேண்டியது வளைந்து, கோளாறு இருந்தால் வெளியே தெரிந்துவிட்டிருக்கும். இலேசான பழைய வடிவத்தில் இது பெரிய வசதி. கண்ணபுரம் சந்தையில் காங்கேயம் காளை பிடிக்கிறவர் வாயைத் திறந்து பல்லைப் பார்க்காமல் விலை பேசமாட்டார். கிட்டாருக்கும் அப்படிப் பார்க்க இடங்கள் இருக்கின்றன.

நாங்கள் எடுத்துப் போனவை நீளமான எஃகு ஸ்கேல், பல் மருத்துவர் வாய்க்குள் விடுகிற சின்னக் கைப்பிடிக் கண்ணாடி, செல்பேசியின் விளக்கு. கிட்டாரைத் திண்ணையில் துண்டு விரித்துக் கிடத்தினோம். முதலில் ஸ்கேலைக் கழுத்தின் கட்டைகள் மேல் நீளவாக்கில் வைத்து பிரிட்ஜை நோக்கி நீட்டினேன். ஸ்கேலின் முனை பிரிட்ஜின் மேல்முகத்தைத் தொட்டபடி போனால் கழுத்தின் கோணம் சரி. பிரிட்ஜின் பக்கவாட்டில் முட்டினால் கழுத்து முன்னுக்குச் சாய்ந்துவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்ய மூட்டில் ஆவி ஏற்றிக் கழுத்தைக் கழற்றி இழைத்துப் பொருத்த வேண்டும், செலவும் பெரிது. இந்தக் கிட்டாரில் ஸ்கேல் மேலே தவழ்ந்து போனது. 12ஆவது கட்டையில் தடித்த கம்பிக்கும் கட்டைக்கும் நடுவே இடைவெளி 2.5 மில்லிமீட்டருக்குள் இருந்தது. சேடிலும் இன்னும் இறக்கும் அளவுக்கு உயரம் மிச்சம் வைத்திருந்தது.

பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை சற்றே மேடாக இருந்தது. அவன் பயந்துவிட்டான். செதுக்கிய சட்டமுள்ள கிட்டாரில் இலேசான மேடு இயல்பு, பிரிட்ஜுக்கு முன்னால் பள்ளம் விழுந்திருந்தால்தான் கவலை என்று சொல்லி, பலகையைச் சுண்டத் தொடங்கினேன். தேங்காயைச் சுண்டிப் பார்ப்பதை பொள்ளாச்சியில் யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. விரல் முட்டியால் ஒவ்வோர் அங்குலமாக வந்தேன். எங்கும் 'டொம்' என்று நிறைந்து வந்த ஓசை, மெல்லிய கம்பிகளின் பக்கம் கீழ் ஓரத்தில் மட்டும் 'டொர்ர்' என்று இழுத்தது. மறுபடி சுண்டினேன், மறுபடி அதே இழுப்பு.

கம்பிகளைத் தளர்த்திவிட்டுக் கண்ணாடியை ஒலித்துளைக்குள் விட்டேன். விளக்கின் ஒளியில் பெருக்கல் குறியின் ஒரு கால் தெரிந்தது. அதன் மேடும் பள்ளமும் மீண்டும் மேடும், உளி போன தடமும்கூடத் தெளிவாக இருந்தன. பழைய வடிவம் என்ற சொல் உண்மையாகவே உள்ளே வரை போயிருந்தது. பிரிட்ஜுக்கு அடியில் இருக்கும் பலகையும் பிளவில்லாமல் இருந்தது. அந்தக் காலின் கடைசி நுனியில் மட்டும் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு கருங்கோடு. என் கை ஒலித்துளைக்குள் நுழையவில்லை. அவன் மெலிந்த கை முழங்கை வரை போனது. சட்டைப் பையிலிருந்த பஸ் டிக்கெட்டைக் கொடுத்து அந்தக் கோட்டில் நுழைக்கச் சொன்னேன். டிக்கெட் விரல் நக அளவுக்கு உள்ளே போய் நின்றது. ஒட்டு அவ்வளவு தூரம் விட்டிருக்கிறது.

இதைப் பார்த்துப் பயந்து ஓடிவிட வேண்டியதில்லை. பசை செலுத்தி, உள்ளிருந்து முட்டுக் கொடுத்து ஓர் இரவு விட்டால் சரியாகிவிடும் சிறிய வேலை. ஆனால் தெரியாமல் வாங்கி அப்படியே வாசித்தால், நுனியில் தொடங்கிய விலகல் நடு வரை ஓடிப் பலகையைச் சிதைக்கும். விற்பவரிடம் டிக்கெட்டோடு காட்டினோம். அவருக்கே தெரிந்திருக்கவில்லை. பழுதுச் செலவை விலையில் கழித்துக்கொண்டார்.

அதற்கு முன் அவனை அரை மணி நேரம் வாசிக்க விட்டேன். பழைய வடிவங்களின் கழுத்து சிலவற்றில் படகின் அடிப்பகுதிபோல் கூர்ந்திருக்கும். கம்பிகள் தொடங்கும் இடத்தின் அகலம், பின்னால் வழக்கமான 43 மில்லிமீட்டருக்குப் பதில் 44.5 ஆக இருக்கும். ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும், ஆனால் விரல் உடனே கண்டுபிடித்துவிடும். விரலால் மீட்டுபவருக்கு அந்த அகலம் சுகம். கட்டைவிரலைச் சுற்றிப் பிடித்து வாசிக்கப் பழகியவருக்குக் கை வலிக்கும். புதிதாகக் கற்பவர் இப்படிப்பட்ட கிட்டாரை வாங்கலாமா என்றால், கை ஒத்துக்கொண்டால் வாங்கலாம் என்பேன். இலேசான பலகை மெதுவான மீட்டலுக்கே பதில் சொல்லும். கற்கிறவருக்கு அது பெரிய ஊக்கம். ஒரே நிபந்தனை, மெல்லிய கம்பி மட்டுமே மாட்ட வேண்டும். தடித்த கம்பி அந்தக் காலத்தில் என்ன செய்தது என்று மேலே பார்த்தோம்.

இனி நம் காற்று. கிட்டாருக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று பொள்ளாச்சியையும் கோவையையும் ஈரமாக்கும், பலகை உப்பிக் கம்பி உயரும். மாசி, பங்குனியில் தாராபுரமும் கரூரும் காய்ந்து கிடக்கும், மரம் சுருங்கும், கட்டைகளின் முனை கழுத்தின் ஓரத்தில் கையைக் கீறும், பலகை நரம்போட்டத்தில் விரியவும் கூடும். சின்ன ஈரப்பதமானி ஒன்று வாங்கிப் பெட்டிக்குள் வையுங்கள். காய்ந்த மாதங்களில் துளையிட்ட சோப்பு டப்பாவில் நனைத்துப் பிழிந்த பஞ்சை வைத்துப் பெட்டியை மூடினால் போதும். பழைய முறையில் நைட்ரோசெல்லுலோஸ் மெருகு பூசியிருந்தால் ரப்பர் பட்டையுள்ள தாங்கியில் நிறுத்தக் கூடாது, மெருகு இளகிக் கறைபடும்.

காருக்குள் மட்டும் விடவே கூடாது. என் முதல் கிட்டாரை ஒரு சித்திரை மாதத்தில், கரூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது, பந்தி முடியும் வரை பின் இருக்கையில் விட்டுவிட்டேன். திரும்பி வந்து பெட்டியைத் திறந்தபோது பசை இளகி, பிரிட்ஜின் பின்விளிம்பு பலகையை விட்டு எழும்பியிருந்தது, அதோடு மேற்பலகையின் நார்களும் சில பிய்ந்து வந்திருந்தன. அதை ஒட்டினேன், ஆனால் பழைய குரல் திரும்பவில்லை. அக்கா மகனிடம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

சட்டத்தை ஒட்டி முடித்துக் கிட்டார் அவன் கைக்கு வந்து ஐந்து வாரம் ஆகிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை அதே இடத்தில் சுண்டிப் பார்த்தேன், 'டொம்' என்றது. ஆடிக் காற்று அடங்கியதும் ஸ்கேலை வைத்து இன்னொரு முறை பார்க்க வேண்டும்.